இரவில் வாங்கிய கடன்

(நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் சென்ற மாதம் நடந்த மூத்தோர் சந்திப்பில் சங்கத்தின் முன்னாள் பொருளாளர் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் வெளியிடுகிறோம்.)



மூத்த குடிமக்கள் வைப்புநிதி பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் என்றுதான் தலைவர் என்னைக் கேட்டார். அதை அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். இன்று உங்களிடம் வேறொரு கணக்கை ஒப்படைக்க வேண்டியிருக்கிறது.

2022 ஆகஸ்டில் நான் பொருளாளர் பொறுப்பிலிருந்து விலகினேன். கடிதத்தில் "உடல்நலக் காரணங்களால்" என்று எழுதியிருந்தேன். பிபி என்று நினைத்துக்கொண்டு உங்களில் பலர் பழம் வாங்கி வந்து பார்த்துவிட்டுப் போனீர்கள். நானும் தலையாட்டினேன். நடந்தது என்னவென்றால், நான் கையெழுத்துப் போட்ட சங்கத்தின் காசோலைகளில் மூன்று, கையெழுத்து வேறுபடுகிறது என்று வங்கியிலிருந்து திரும்பி வந்தன. லிஃப்ட் பராமரிப்புக்கான காசோலை அதில் ஒன்று. வங்கி மேல் தப்பே இல்லை. நான் கவுண்டரில் இருந்திருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன். காலை நேரத்தில் என் கை நடுங்கியது. அதுதான் காரணம். முதல் நாள் ராத்திரி குடித்ததற்கும் அந்த நடுக்கத்துக்கும் உள்ள தொடர்பு அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று சொன்னால் சரியாக இருக்கும்.

திரும்பி வந்த காசோலைகளுக்கான கட்டணத்தை என் கையிலிருந்து கட்டிவிட்டேன். ஆனால் காரணத்தை உங்களுக்குச் சொல்லவில்லை. அதைத்தான் இன்று சொல்கிறேன்.

நான் பி.காம். படித்துவிட்டு 1981ல் வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தேன். பெரும்பாலும் கேஷ் கவுண்டர்தான். கேஷில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், சாயங்காலம் கணக்கு டாலி ஆகும்வரை வயிற்றில் ஒரு பிசைவு இருக்கும். டாலி ஆனால் போய்விடும். முப்பத்தைந்து வருடம் அப்படித்தான் ஓடியது. எப்போதாவது கல்யாணம், யூனியன் மாநாடு என்றால் ஒரு பெக். அவ்வளவுதான்.

2016 நவம்பர் 8 ராத்திரி ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். ஒரு நாள் விட்டு 10ஆம் தேதி வங்கி திறந்தபோது வாசலுக்கு வெளியே தெரு முனை வரை வரிசை. அந்த ஐம்பது நாளில் மதியச் சாப்பாடு சாப்பிட்ட நாள்களை எண்ணிவிடலாம். ஒரு நாள் கணக்கில் பதினான்காயிரத்து ஐந்நூறு ரூபாய் குறைந்தது. எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. விதிப்படி நான்தான் கட்டினேன். அன்றைக்கு ராத்திரி வீட்டில் முதல்முறையாகத் தனியாக உட்கார்ந்து குடித்தேன். பதினைந்து நிமிடத்தில் அந்த வயிற்றுப் பிசைவு நின்றது. முப்பத்தைந்து வருடத்தில் இவ்வளவு சீக்கிரமாக டாலி ஆனதே இல்லை. அதனால்தான் மறுநாளும் குடித்தேன்.

2018ல் ஓய்வு பெற்றேன். கவுண்டர் போய்விட்டது, பதற்றம் போகவில்லை. ஒரு பெக் இரண்டானது. 2022ல் தினம் ஒரு குவார்ட்டர். எட்டு மணிக்கு ஆரம்பித்தால் ஒன்பதரைக்கு முடியும். சத்தம் கிடையாது, சண்டை கிடையாது. யாராவது கேட்டிருந்தால், நான் குடிகாரன் இல்லை என்று கோபமாகவே சொல்லியிருப்பேன்.

ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வரும். நெஞ்சு படபடக்கும். உள்ளங்கை வேர்க்கும். மகன் காரில் போகிறானே, மோட்டாரை அணைத்தோமா, சங்கக் கணக்கில் ஜி.எஸ்.டி. தப்பாகப் போட்டுவிட்டோமா என்று ஒன்று விட்டு ஒன்று வரும். காலை பதினோரு மணி வரை அது விடாது. மாரடைப்பு என்று பயந்து இரண்டு முறை ஈ.சி.ஜி. எடுத்தேன். இரண்டும் நார்மல். இரண்டாவது முறை பார்த்த இளம் டாக்டர் ஈ.சி.ஜி. தாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"சார், தினம் எவ்வளவு குடிப்பீங்க?"

"கொஞ்சம்தான் டாக்டர்."

"கொஞ்சம்னா எத்தனை எம்.எல். சார்?"

முப்பத்தேழு வருடம் பைசா கணக்குப் பார்த்தவனுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவிதான் சொன்னாள். "ஒரு குவார்ட்டர் சார். சில நாள் அதுக்கு மேலயும்."

அவர் விளக்கியதையும், பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டதையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

நம் மூளையில் இரண்டு வகை வேதிப்பொருள்கள் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்கின்றன. காபா என்பது பிரேக் மாதிரி. குளூட்டமேட் என்பது ஆக்சிலரேட்டர் மாதிரி. மது பிரேக்கை அழுத்துகிறது, ஆக்சிலரேட்டரைத் தளர்த்துகிறது. அதனால்தான் முதல் பெக்கில் ஒரு நிம்மதி வருகிறது. அது கற்பனை இல்லை, நிஜம்தான். ஆனால் தினமும் யாரோ வெளியிலிருந்து பிரேக் போடுகிறார்கள் என்று தெரிந்தால் மூளை என்ன செய்யும்? தன் பிரேக்கின் பலத்தைக் குறைத்து, ஆக்சிலரேட்டரைக் கூட்டிச் சரிசெய்துகொள்கிறது. இரவில் மது இறங்கிய பிறகு வெளிப் பிரேக் இல்லை, சொந்தப் பிரேக்கும் பலவீனம், ஆக்சிலரேட்டர் மட்டும் முழு வேகத்தில். அதுதான் படபடப்பு, வேர்வை, நடுக்கம், காரணமில்லாத பயம். அதைத் தணிக்க மறுபடி சாயங்காலம் ஒரு பெக். மூளை இன்னும் கொஞ்சம் சரிசெய்துகொள்ளும்.

வங்கி மொழியில் சொன்னால் இது ஓவர் டிராஃப்ட். நாளைய நிம்மதியை இன்றிரவே எடுத்துச் செலவழிக்கிறோம். மறுநாள் காலை வட்டியோடு பிடித்தம். வட்டியைக் கட்ட மறுபடி ஓவர் டிராஃப்ட். இப்படிக் கணக்கு வைத்திருக்கும் வாடிக்கையாளரிடம் நானே எத்தனை முறை புத்தி சொல்லியிருக்கிறேன்!

இப்போது அளவுக்கு வருவோம். மருத்துவர்கள் சுத்தமான ஆல்கஹாலைக் கிராமில் கணக்கிடுகிறார்கள். நம் நாட்டில் பத்து கிராமை ஓர் அலகாக எடுத்துக்கொள்வது வழக்கம். பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும் பிராந்தி, விஸ்கி, ரம் எதுவானாலும் 30 மி.லி.யில், அதாவது ஒரு சின்ன பெக்கில், பத்து கிராம். 180 மி.லி. குவார்ட்டரில் சுமார் 60 கிராம், ஆறு அலகு. "பீர்தானே" என்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. பாட்டில் ஒன்றில் சுமார் 41 கிராம், நான்கு சின்ன பெக்குக்குச் சமம்.

ஈரல் ஓர் அலகை வெளியேற்ற ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. மோர், எலுமிச்சை, குளியல் எதுவும் அதை வேகப்படுத்தாது. என் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரவு எட்டு மணிக்கு ஆரம்பித்த ஆறு அலகு இறங்க இரண்டு, மூன்று மணி ஆகும். எனக்கு விழிப்பு வந்ததும் அதே நேரம்தான். குடித்தால் தூக்கம் சீக்கிரம் வரும் என்பது உண்மை. ஆனால் இரவின் பின்பாதித் தூக்கத்தை அது துண்டு துண்டாக்கிவிடும். தூக்கம் கெட்டால் மறுநாள் பதற்றம் கூடும். இது இரண்டாவது வட்டி.

வயதானால் உடம்பில் நீரின் அளவு குறைகிறது. அதனால் நாற்பது வயதில் குடித்த அதே அளவு அறுபத்தைந்தில் அதிகம் ஏறும். பெண்களுக்கும் இதே காரணத்தால் அதே அளவு கூடுதலாக ஏறும். இதைச் சொல்லக் காரணம், நம் குடியிருப்பில் ஆண்களுக்கு மட்டும்தான் இந்தப் பேச்சு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பதற்றம் இருப்பதால் குடிக்கிறோமா, குடிப்பதால் பதற்றமா? இரண்டும் நடக்கிறது. இயல்பிலேயே பதற்ற நோய் இருப்பவர்கள் மருந்துபோல மதுவைத் தேடுவதும் உண்டு. எது முதல் என்று கண்டுபிடிக்க ஒரே வழி, சில வாரம் மதுவை நிறுத்திப் பார்ப்பதுதான். முதல் சில நாள் பதற்றம் கூடும். அதைப் பார்த்து "நிறுத்தினால் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. குடியால் வந்த பதற்றமானால் பெரும்பாலும் மூன்று, நான்கு வாரத்தில் நன்றாகக் குறைந்துவிடும். நான்கு வாரம் கழித்தும் குறையவில்லை என்றால் அது தனி நோய். அதற்குப் பேச்சுவழிச் சிகிச்சையும் நல்ல மருந்துகளும் இருக்கின்றன.

எனக்கு இந்தச் சோதனை 2020லேயே தானாக நடந்தது, நான்தான் கவனிக்கவில்லை. மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து கடைகளை மூடினார்கள். கையிருப்பு தீர்ந்ததும் நான்கு ராத்திரி தூக்கமில்லை, நடுக்கம், வேர்வை. கொரோனா பயம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் அருமையான தூக்கம். விடிகாலைப் படபடப்பே இல்லை. பேத்தி வீட்டில் இருந்ததாலும், டி.வி. பார்த்து மூச்சுப் பயிற்சி செய்ததாலும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். வரவைத் தப்பான தலைப்பில் எழுதிவிட்டேன். கடை திறந்ததும் வரிசையில் போய் நின்றேன். பத்து நாளில் மூன்று மணி விழிப்பும் திரும்பி வந்தது.

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். இதில் நான் பெரிய தப்பு செய்தேன்.

டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நாமே நிறுத்திவிடலாம், எதற்கு மாத்திரை" என்று 2023 ஜனவரி 1 அன்று அடியோடு நிறுத்தினேன். இரண்டாம் நாள் ராத்திரி டம்ளரைப் பிடிக்க முடியாத அளவுக்கு நடுக்கம். சுவரில் ஏதோ ஊர்வது போல இருந்தது. மனைவி பக்கத்து வீட்டுத் தம்பியை எழுப்பி, அவர் காரில் என்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தினமும் நிறையக் குடிப்பவர்கள் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் மனக்குழப்பமும் பிதற்றலும் வரலாம். உயிருக்கே ஆபத்தாக முடியலாம். சில நாள் மருந்து கொடுத்துப் படிப்படியாக இறக்குவதற்கு டாக்டர்களிடம் வழி இருக்கிறது. வைட்டமின் பி1ம் சேர்த்துக் கொடுப்பார்கள். ஆகவே, தினம் குடிப்பவர், காலையில் ஒரு வாய் போட்டால்தான் கை நிற்கும் என்பவர், முன்பு வலிப்பு வந்தவர், இவர்கள் யாரும் என்னைப் போல வீரம் காட்ட வேண்டாம். டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். நடுக்கமும் குழப்பமும் வந்தால் 108ஐக் கூப்பிடுங்கள்.

அன்று ராத்திரி கார் எடுத்த தம்பி இங்கே முன்வரிசையில்தான் இருக்கிறார். ஒன்றரை வருடமாக யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு என் நன்றி.

மாத்திரை பற்றியும் இரண்டு வார்த்தை. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளும் மதுவும் ஒரே பிரேக்கைத்தான் அழுத்துகின்றன. இரண்டும் சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடலாம். சில சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுத்துக்கொள்பவர்கள் சாப்பிடாமல் குடித்தால் இரவில் சர்க்கரை தாழும். அப்போதும் வேர்வை, நடுக்கம், படபடப்பு வரும். "டென்ஷன்" என்று விட்டுவிடக் கூடாது. டாக்டரிடம் பிபி, சர்க்கரை சொல்வது போல இதையும் எம்.எல். கணக்கில் சொல்லுங்கள்.

வீட்டிலிருக்கும் பெண்களிடம் ஒரு வேண்டுகோள். குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்க ஒரு மருந்து இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். டைசல்பிரம் என்பது அதன் பெயர். மருத்துவர் மேற்பார்வையில், குடிப்பவர் தெரிந்து, சம்மதித்துச் சாப்பிட வேண்டியது. தெரியாமல் கொடுத்து, அவர் மேலே குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே வினையாகும். ஆசை மட்டுப்பட நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகளும் இருக்கின்றன. எது யாருக்கு என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும்.

சரி, குறைத்தால் போதுமா, நிறுத்த வேண்டுமா?

பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. புற்றுநோய் உண்டாக்குபவை பட்டியலில் 1988 முதல் மது முதல் பிரிவில் இருக்கிறது. குறைத்தால் அந்த அளவுக்கு லாபம், நிறுத்தினால் முழு லாபம். மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை நண்பர்களோடு அளவாகக் குடிப்பவர் குறைத்துப் பார்க்கலாம். ஈரல் நோய், வலிப்பு, பதற்ற நோய், மனச்சோர்வு உள்ளவர்களுக்கும், மேலே சொன்ன மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் நிறுத்துவதுதான் நல்லது.

1984ல் அமெரிக்க மருத்துவர் ஜான் யூயிங் நான்கு கேள்விகளை வெளியிட்டார். உலகமெங்கும் மருத்துவர்கள் கேட்கும் கேள்விகள் அவை. குறைக்க வேண்டும் என்று எப்போதாவது நினைத்ததுண்டா? குடிப்பதைப் பற்றி யாராவது சொன்னால் எரிச்சல் வந்ததுண்டா? குற்ற உணர்வு வந்ததுண்டா? காலையில் எழுந்ததும் குடிக்க வேண்டியிருந்ததுண்டா? இரண்டுக்கு "ஆமாம்" என்றால் டாக்டரைப் பார்ப்பது நல்லது. எனக்கு மூன்று.

குறைக்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தில் உதவியவை இவை. முதலில் ஒரு நோட்டுப் புத்தகம். இடப்பக்கம் எத்தனை எம்.எல்., வலப்பக்கம் மறுநாள் காலை பதற்றம் பத்துக்கு எத்தனை. இரண்டு வாரம் எழுதினால் யாரும் புத்தி சொல்ல வேண்டாம், பக்கமே சொல்லும். இரண்டு, கண்ணளவில் ஊற்றக் கூடாது. அளந்து பார்த்தபோது என் "சின்ன பெக்" 45 மி.லி. இருந்தது. மூன்று, வீட்டில் கையிருப்பு வைக்கக் கூடாது. நான்கு, மனம் பதறும் நாளில் குடிப்பதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்துக்கு மருந்தாக எடுக்கும் பெக்தான் வழக்கமாக ஒட்டிக்கொள்கிறது. ஐந்து, அந்த எட்டு மணிக்கு வேறு வேலை வேண்டும். வெறுமனே உட்கார்ந்திருந்தால் கை தேடும்.

நான் முதலில் குறைக்கத்தான் பார்த்தேன். என்னிடம் ஒன்று ஒன்றாக நிற்பதில்லை என்று நோட்டுப் புத்தகம் காட்டிவிட்டது. அதனால் நிறுத்தினேன். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் கண் விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம். மணி ஐந்தே முக்கால். படுத்தபடியே கொஞ்ச நேரம் நம்பாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் மாதம் ஆறாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் செலவழித்திருக்கிறேன் என்பதும் அந்தப் புத்தகத்தில்தான் தெரிந்தது.

இடையில் ஒரு சறுக்கலும் உண்டு. போன வருடம் என்னோடு வேலை பார்த்த நண்பர் இறந்துபோனார். காரியம் முடிந்து நான்கு பேர் உட்கார்ந்தோம். மூன்று பெக் குடித்தேன். மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. மறுநாள் மனைவியிடம் சொன்னேன். "எழுதி வெச்சுட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். எழுதினேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். டிசம்பர் 31 மொட்டை மாடிக் கூட்டத்தில் வேண்டாம் என்பவரை "ஒண்ணே ஒண்ணு சார்" என்று வற்புறுத்தும் வழக்கத்தை விட்டுவிடுவோம். அவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்று நமக்குத் தெரியாது. எலுமிச்சை சோடா குடிப்பவரிடம் காரணம் கேட்காமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

உதவி தேடுபவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. எந்நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை இதற்கென்றே இயங்குகிறது.

பொருளாளர் பதவியைத் திரும்பக் கேட்க வரவில்லை. இப்போது இருப்பவர் என்னைவிட நன்றாகவே பார்த்துக்கொள்கிறார். தணிக்கை நேரத்தில் வவுச்சர் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், வருகிறேன். கை நடுங்குவதில்லை.

தினமும் இரவு எட்டு மணிக்கு பி பிளாக் வாசலிலிருந்து கிளம்பி, நம் வளாகத்தை ஆறு சுற்று நடக்கிறேன். அந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்திருக்கச் சங்கடமாக இருப்பவர்கள் யாரானாலும் வரலாம். எதற்கு வந்தீர்கள் என்று கேட்க மாட்டேன். கிரிக்கெட் பேசுவோம், இல்லையென்றால் தண்ணீர் லாரி பற்றிப் பேசுவோம்.